மாமி மினுக்கிய கம்பித்தட்டு

அத்தியாயம் 14

வவுனியாவில் ஜவ்பர் நானாவின் இரும்புக் கடையில் நிருஷன் அரை நாள் நின்று, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் கனத்த கம்பித்தட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறியதைப் போன கிழமை பார்த்தோம். கொண்டக்டர் அந்தத் தட்டுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கப் பார்த்ததையும் பார்த்தோம். இந்தக் கிழமை அந்தத் தட்டு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். கண்டாவளையில் இருப்பது கமலாசனியின் வீடு. அதை மகள் வினோஜாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தானும் அங்கேயே இருக்கிறாள். வினோஜாவின் கணவன் நிருஷன், கலியாணம் முடிந்த நாற்பதாம் நாள் கட்டாருக்குப் போனவன். ஐந்து வருடம் டோகாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கரி அடுப்புக்கு முன்னால் நின்றான். ஏழு மாதத்துக்கு முன், இனிப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினான்.

அன்றிலிருந்து மாமியார் அவனோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

"பிள்ளை, அவரைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவன் இரண்டு முழத் தூரத்தில் கதிரையில் இருப்பான். "பிள்ளை, மழை இருட்டுது, அவரைக் குடை கொண்டுபோகச் சொல்லு" என்பாள். நிருஷனும் வினோஜாவைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிட்டான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி வினோஜாவுக்குத்தான் தொண்டை வற்றிப்போனது.

வெளிநாட்டு வேலையை மருமகன் விட்டுவிட்டு வந்தது கமலாசனிக்குப் பிடிக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. வினோஜாவும் அப்படித்தான் நினைத்தாள். நிருஷன் வேறு எப்படி நினைப்பான், பாவம்.

அவனுக்குக் கைவந்த தொழில் கரியில் கோழி வாட்டுவது. பழைய எண்ணெய்ப் பரல் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து கால் வைத்து அடுப்பாக்கினான். கடையில் வாங்கிய சாமான் எதுவும் வாங்கியபடி இருக்கவில்லை. மசாலா பூசுகிற நைலோன் தூரிகை முதல் சூட்டிலேயே உருகிப்போக, வினோஜா கறிவேப்பிலைக் கொத்தைத் தடியில் கட்டிக் கொடுத்தாள். கரி கெதியாகப் பிடிக்கவென்று பெரிய பால்மா டின் ஒன்றின் அடியில் ஆணியால் துளை போட்டார்கள். இடுக்கி கட்டையாக இருந்தது. இதோடு நெருப்புக்குக் கிட்டப் போக விடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்து, வெல்டிங் கடையில் கொடுத்துக் கைப்பிடியை ஒரு முழம் நீட்டுவித்தாள். நிருஷனின் முன்கைகள் இரண்டிலும் டோகா அடுப்பு விட்ட தழும்புகள் இருந்தன. அதில் இன்னொன்று கூட விடக்கூடாது என்பது அவள் எண்ணம்.

கம்பித்தட்டுக்குத்தான் கூடப் பாடு. ஐந்து பின்னேரம் நிருஷன் அதற்கு நல்லெண்ணெய் பூசி, கரியில் காய்ச்சி, ஆறவிட்டு, திரும்பவும் பூசினான். ஐந்தாம் நாள் அது மழுமழுவென்று கறுத்து வந்தது. அந்தக் கறுப்பு இருந்தால்தான் கோழி கம்பியில் ஒட்டாமல் கழன்று வரும்.

முதல் ஓடர் இந்த ஞாயிற்றுக்கிழமை. இளையதம்பியரின் மகளுக்கு வியாழக்கிழமை கலியாணம், ஞாயிறு நாலாம் சடங்கு. கலியாண வீட்டில் அதுவரை மரக்கறிதான். நாலாம் சடங்கன்றுதான் மச்சம் மாமிசம். மாப்பிள்ளை பகுதி முழுக்க வந்திருந்து, ருசி பார்த்து, குறையும் பார்க்கிற நாள்.

இதற்கிடையில் டோகாக் கடை அவனைத் திரும்பக் கேட்டிருந்தது. விசா வந்துவிட்டது. வவுனியா ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கிடக்கிறது. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் எடுப்பேன், முடிவைச் சொல்லுங்கள் என்றிருந்தார் ஏஜென்ட். கோழி சரிவந்தால் போவதில்லை, சரிவராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் என்று நிருஷன் தனக்குள் தீர்மானித்திருந்தான்.

*

விடிய ஐந்தரைக்குப் பல் தீட்டக் கிணற்றடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

கமலாசனி அங்கே குந்தியிருந்தாள். முழங்கை வரை கரி. பக்கத்தில் தும்பு, சாம்பல், ஓர் உருண்டைப் பழப்புளி. கம்பித்தட்டு கிணற்றுக் கட்டில் சாய்ந்து, வெள்ளிச் சாமான் போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை" என்று அவள் குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அவரிட்டச் சொல்லு. நாலு பேர் கூடுற சபைக்கு உந்தக் கறுப்புத் தட்டை என்னண்டு கொண்டுபோறது? நாலு மணிக்கு எழும்பி மினுக்கிப்போட்டன். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லையெண்டு சொல்லு."

தேத்தண்ணியோடு வந்த வினோஜா தட்டைக் கண்டாள். கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"அம்மா, என்ன வேலை..."

"வினோ" என்று நிருஷன் இடைமறித்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னான். "நல்ல துப்பரவா இருக்கெண்டு மாமியிட்டச் சொல்லும்."

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைத்து என்ன பயன்? ஐந்து நாள் வேலை தும்பிலும் புளியிலும் போய்விட்டது. ஆனால் அவன் மாமியின் கைகளைப் பார்த்தான். நகக்கண்களுக்குள் கரி இறங்கியிருந்தது, ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது. ஏழு மாதத்தில் அவனுடைய சாமான் ஒன்றை அவள் தொட்டு அவன் கண்டது இதுதான் முதல் தடவை. அது அவனுக்குத் தட்டை விடப் பெரிதாக இருந்தது.

கமலாசனி திருப்தியோடு கை கழுவப் போனாள்.

*

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்து வினோஜா பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நீங்கள் வாயே திறக்கேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? சாமத்தில எழும்பி மினுக்கியிருக்கிறா, மனுசி."

"இஞ்ச பாருங்கோ, இப்பவே கறள் பிடிக்கத் துவங்கிட்டுது."

உண்மைதான். ஈரம் காய்ந்த இடமெல்லாம் துரு செம்மஞ்சளாகப் பூத்துக்கொண்டு வந்தது. நிருஷன் விரலால் தடவிப் பார்த்தான். விரலிலும் ஒட்டியது.

"ஒம்பதுக்கு வெளிக்கிட்டாக் காணும். இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடக்கு" என்றான். "நான் இதில நெருப்பு மூட்டுறன். மாமிக்குத் தெரியாமல் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வாரும். வெங்காயமும் வேணும்."

"எத்தினை?"

"கிடக்கிறது எல்லாம்."

வினோஜாவுக்கு அழுகை வந்த இடத்தில் சிரிப்பும் வந்தது. இந்த மனிதனை அவள் ஐந்து வருடம் போனில் மட்டும் பார்த்தவள். நேரில் எப்படி இருப்பான் என்பதை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறாள். தெரியத் தெரியப் பிடித்துப்போகிறது. அவள் சட்டென்று அவன் தோளில் நெற்றியை ஒருமுறை முட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

குசினியில் மாட்டிக்கொண்டாள்.

"உவ்வளவு வெங்காயம் என்னத்துக்கு?" என்று கமலாசனி கேட்டாள்.

"கோழிக்கு அம்மா."

"கோழிக்கு நேற்றே எல்லாம் போட்டு ஊற வைச்சாச்சு."

"இது... இன்னும் கொஞ்சம்."

வினோஜாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கமலாசனி மகளின் காதைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், வழியை விட்டாள். கொட்டிலுக்குப் பின்னால் புகை எழும்பியபோது சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். வினோஜா அப்போது ஊறிய கோழியை வாளிகளில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

நிருஷன் அடுப்பின் மேல் குனிந்திருந்தான். பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, சூடேறிய கம்பியில் உரஞ்சிக்கொண்டிருந்தான்.

கமலாசனியிடம் ஒரு தோசைக்கல் இருக்கிறது. இருபத்தெட்டு வருடக் கல். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அரிசியை விட்டுவிட்டுப் போன இடமும் உண்டு, அந்தக் கல்லை விட்டுவிட்டுப் போன இடமில்லை. அதற்குச் சவுக்காரம் காட்ட இன்றுவரை ஒருவருக்கும் அனுமதியில்லை. உதவி செய்யப் போன மகளே அதற்காகக் கையில் அடி வாங்கியிருக்கிறாள். வெட்டின வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து எதற்கு உரஞ்சுவார்கள் என்று அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

நின்ற இடத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. தான் மினுக்கியது அழுக்கை இல்லை என்பதும், அவன் அதைச் சொல்லாமல் விட்டான் என்பதும்.

நிருஷன் நிமிர்ந்தான். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். களவாக மாங்காய் தின்று பிடிபட்ட பிள்ளையின் முழி.

"தள்ளுங்கோ" என்றாள் கமலாசனி.

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். வினோஜா அங்கே இல்லை. ஒரு மாடு மட்டும் நின்றது.

"என்னையோ மாமி?"

"உங்களைத்தான் தம்பி. தள்ளுங்கோ. எண்ணெய் கூடிப்போச்சு. கூடினாப் பிசுபிசுத்து நிக்கும்."

"நெருப்பு கூட இருந்தாக் காய்ஞ்சிடும் மாமி."

"அப்ப நெருப்பைக் கூட்டுங்கோ. நான் எண்ணெயைக் குறைக்கிறன்."

நெருப்பு விஷயத்தில் அவன் சொன்னது சரி. எண்ணெய் விஷயத்தில் அவள் சொன்னது சரி. இரண்டரை மணித்தியாலம் இருவரும் முகத்தை முகம் பாராமல் அந்தத் தட்டில் மினக்கெட்டார்கள். கதைத்தது எல்லாம் கரி, வெங்காயம், துணி, அவ்வளவுதான். இடையில் வந்து எட்டிப் பார்த்த வினோஜா, கண்டதை நம்பமுடியாமல் சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். ஒரு வார்த்தை சொன்னாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம்.

ஒன்பது மணிக்குத் தட்டு ஓரளவுக்குக் கறுத்திருந்தது. ஒரு மூலை மட்டும் பிடிவாதமாகச் செம்மஞ்சளாகவே நின்றது.

*

இளையதம்பியரின் வளவில் பந்தலுக்கு அப்பால், காற்றுப் பார்த்து அடுப்பை இறக்கினார்கள். பதினொரு மணிக்குக் கரி சாம்பல் பூத்து வந்தது. நிருஷன் முதல் எட்டுத் துண்டை அடுக்கினான்.

"தம்பி, மாப்பிள்ளை பகுதி வந்து இருந்திட்டினம்" என்று இளையதம்பி வந்து நின்றார். அறுபது வயது மனிதர், ஒரே மகள், நாலு நாளாய் நித்திரை இல்லாத கண்கள். "உங்களை நம்பித்தான் வேற இறைச்சி ஒண்டும் சமைக்கேல்லை, கண்டியளே."

"ஓம் ஐயா. பயப்படாதேங்கோ."

பயம் நிருஷனுக்குத்தான். நீட்டிய இடுக்கியால் முதல் துண்டைப் பிடித்துப் புரட்டப் பார்த்தான். வரவில்லை. கொஞ்சம் அழுத்தினான். தோல் கம்பியோடு நின்றுகொண்டது, இறைச்சி மட்டும் கிழிந்து கையோடு வந்தது.

இளையதம்பி அதைப் பார்த்துவிட்டார். பந்தலில் இருந்து இரண்டு மூன்று தலைகள் திரும்பின. பெண்கள் பக்கம் நின்ற கமலாசனியின் கை சீலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கியது. ஒரு பெடியனின் பிழைப்பைக் கழுவி ஊத்திப்போட்டேனே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

"ஒட்டுதோ தம்பி?"

"அது கறள் மூலை ஐயா. மற்றதுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் வேணும். அவசரப்பட்டாத்தான் ஒட்டும்."

அந்த இரண்டு நிமிடம் அவன் அசையவில்லை. கொழுப்பு உருகிக் கரியில் சொட்டிப் புகைந்தது. பிறகு நடுவில் கிடந்த துண்டை இடுக்கியால் மெதுவாகத் தொட்டான். அது தானாகவே கழன்று வந்தது. தோல் முழுசாக, பொன்னிறமாக, கம்பியின் கோடு வரிசையாக விழுந்திருந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

இளையதம்பி பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப அந்த மூலையில ஒண்டும் வையாதேங்கோ" என்று தொழில் தெரிந்தவர் போலச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

பன்னிரண்டரைக்குச் சுற்றிவரப் புகையும் சனமும். அதற்குள்ளால் கமலாசனி வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"கையை நீட்டுங்கோ."

பையிலிருந்து தடித்த நீலத் துணியில் தைத்த இரண்டு கைக்குழாய்கள் வந்தன. மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் இலாஸ்டிக் வைத்திருந்தது. நிருஷன் துணியை உற்றுப் பார்த்தான்.

"மாமி, இது என்ர டெனிம் காற்சட்டை."

"முழங்கால் ரெண்டும் கிழிஞ்சு கிடந்தது. கிழிஞ்சதைப் போட்டுக்கொண்டு திரியிறது நாகரிகமெண்டு பிள்ளை சொன்னவள். எனக்கு அது விளங்கேல்லை. போன கிழமையே வெட்டித் தைச்சுப்போட்டன்."

அவளே மாட்டிவிட்டாள். வலக்கையில் மாட்டும்போது விரல் அங்கிருந்த ஒரு நீளத் தழும்பில் பட்டு ஒரு கணம் நின்றது. பிறகு விறுவிறென்று இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு வாளிகள் காலியாகின. மாப்பிள்ளையின் தகப்பன் கை கழுவிய கையோடு நிருஷனிடம் வந்து, வருகிற மாதம் தங்கள் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, வர ஏலுமா என்று கேட்டார். நிருஷன் ஓம் என்று தலையை ஆட்டினான்.

*

மாடு கட்ட வேண்டும் என்று வினோஜா சைக்கிளில் முன்னே போய்விட்டாள். நிருஷன் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை ஓட்ட, பின்பெட்டியில் ஆறிப்போன அடுப்புக்குப் பக்கத்தில் கமலாசனி குந்தியிருந்தாள். இரண்டு பக்கமும் வயல். எஞ்சின் சத்தத்துக்குள் அவள் என்னவோ சொன்னாள்.

"என்ன மாமி?"

திரும்பவும் சொன்னாள். கேட்கவில்லை. அவன் வரம்போரம் நிறுத்தி எஞ்சினையும் நிற்பாட்டினான். திடீரென்று வந்த அமைதியில் அவளுக்குச் சொல்வது இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

"உங்களில எனக்குக் கோவமெண்டு சனம் கதைக்குது" என்றாள் கடைசியில். "கோவமில்லைத் தம்பி. வெட்கம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கலியாணம் பேசேக்க, வெளிநாடு போறதெண்டாத்தான் பிள்ளையைத் தருவன் எண்டு சொன்னது நான். நீங்கள் மறுபேச்சில்லாமல் போனீங்கள். வந்திறங்கின அண்டைக்குக் கிணத்தடியில முகம் கழுவ எண்டு சட்டைக் கையை மடிச்சீங்கள். அந்தத் தழும்புகளை அப்பதான் கண்டனான். அதுக்குப் பிறகு உங்கட முகத்தைப் பாத்துக் கதைக்க எனக்கு வாய் வரேல்லை. இண்டைக்குக் கதைப்பம், நாளைக்குக் கதைப்பம் எண்டு... நாள் போகப் போக அது இன்னும் பெரிசாப் போச்சு."

நிருஷன் கைப்பிடியில் இருந்து கையை எடுத்தான்.

"அண்டைக்கு நான் சொல்லித்தான் போனீங்கள். இண்டைக்கும் நான்தான் சொல்லுறன். போகாதேங்கோ. இஞ்ச எங்களோட இருங்கோ."

அவன் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, அடுப்பு ஆறி ஒரு மணித்தியாலம். நீலக் கைக்குழாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பொக்கற்றில் இருந்த போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அப்ப ஐஞ்சு மணிக்கு ஏஜென்ட் எடுப்பார். நீங்களே சொல்லிவிடுங்கோ மாமி."

*

போன் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கவே அடித்தது. நிருஷன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். வினோஜா குசினிக்குள் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். கமலாசனி விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"ஓம், நான் அவற்ற மாமி கதைக்கிறன். தம்பி வரமாட்டார். அவருக்கு இஞ்ச தொழில் கிடக்கு. வாற மாசத்துக்கும் ஓடர் வந்திட்டுது. நீங்கள் அந்தப் பாஸ்போர்ட்டைத் தந்துவிடுங்கோ."

அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, இதென்ன கதை" என்றார் ஏஜென்ட். "வெள்ளிக்கிழமையே ஓம் எண்டு எனக்கு எழுதி அனுப்பியாச்சு. உங்கட மகள்தான் அனுப்பினவா. நான் டோகாவுக்கு உறுதி சொல்லி, வாற வியாழக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டிட்டன். இப்ப எடுத்தது பிளேன் நேரம் சொல்ல."

கமலாசனி போனை மெல்ல மடியில் வைத்தாள். குசினி வாசலில் வினோஜா நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் பிள்ளை?"

"ஏழு மாசமா இந்த வீட்டில அவர் வேத்து ஆள் மாதிரி இருந்தவர் அம்மா. ஒவ்வொரு நாளும் நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். இஞ்ச கிடந்து மனம் நொந்து போறதை விட அங்க போய் மூச்சு விடட்டும் எண்டு நினைச்சன்." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் ஒருநாள், ஒரே ஒருநாள் அவரோட கதைச்சிருந்தா நான் அதை அவருக்குத் தெரியாமல் அனுப்பியிருப்பனோ?"

கமலாசனி மடியில் கிடந்த போனைக் கையால் மூடினாள். கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"மாமி" என்று நிருஷன் அங்கிருந்து கூப்பிட்டான். அந்த வீட்டில் அவன் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டது அதுவரை நடக்காத காரியம். "ஒரு தேத்தண்ணி தருவீங்களோ?"

"வாறன் தம்பி" என்றாள் கமலாசனி. போனை மடியில் வைத்தபடி கதிரையிலேயே இருந்தாள்.